அத்தத்துக்குள் அறுபத்து நான்கு செல்

அமெரிக்காக்காரன் சீனாக்காரனுக்கு வரி போட்டால் பாவூர்சத்திரத்துக் கத்தரிக்காய்க்கு என்ன வந்தது என்று இந்த வருஷம் என்னிடம் கேட்டவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாக விளக்கினேன். மீதிப் பேரை முறைத்துப் பார்த்ததோடு சரி. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

என் பெயர் வேல்விழி. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய குடோனில் பேட்டரி கட்டுகிறேன். செல் செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். செல் என்பது தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. அது சீனாவில் செய்து கப்பலில் வரும். அவற்றை அடுக்கி, செம்புப் பட்டையால் இணைத்து, ஒரு கட்டுப்பாட்டு போர்டையும் வைத்துப் பூட்டி, சோலாரில் ஓடும் குளிர் அறைகளுக்குக் கொடுப்பது என் தொழில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் இதே வேலையை மாதச் சம்பளத்துக்குச் செய்தேன். ஒரு அறையில் ஆறு பெண்கள், ஒரு ஃபேன். சொந்த ஊரில், சொந்தத் தொழில் என்று கிளம்பி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

கீழப்பாவூர், ஆவுடையானூர்ப் பக்கத்து விவசாயிகள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஆறு இடத்தில் குளிர் அறை இருக்கிறது. ஆறிலும் பழைய பேட்டரிகள் செத்துப் போய்க் கிடந்தன. பொழுது சாய்ந்தால் சோலார் நின்றுவிடும். காற்றுக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் காற்றாலை சுழல்கிறது, நடுவில் இருக்கிற அறையில் வெண்டைக்காய் அழுகுகிறது. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கம்பெனியின் தலைவர் குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்க்கிறவர். 'பார்க்கலாம்' என்ற சொல்லே அவரிடம் கிடையாது. மே மாதம் என் குடோனுக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

"ஓணத்துக்கு அத்தம் பொறந்துட்டா கேரளாவுல நாளுக்கு நாளு விலை ஏறும். நாலு நாளு காயைப் பத்திரமா வச்சிருக்க முடிஞ்சா எங்க ஆளுக பிழைச்சுக்கிடுவாங்க. முடியலன்னா அன்னன்னைக்கு யாவாரி சொல்லுத விலைதான். அத்தத்துக்குள்ள மொத ரூமு ஓடணும். ஓடுச்சுன்னா மத்த அஞ்சும் ஒனக்கு."

"ஓடலன்னா அண்ணாச்சி?"

"ஆறுக்கும் டீசல் ஜெனரேட்டர் வாங்கிருவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

அத்தம் என்பது ஓணத்தின் முதல் நாள். என்னிடம் மூன்று மாதம் இருந்தது. அறுபத்து நான்கு செல் வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இருக்கிற இறக்குமதிக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஐந்து அறை கிடைத்தால் நான் ஊரில் நிற்பேன். கிடைக்காவிட்டால் குடோனைப் பூட்டிவிட்டு மறுபடியும் அந்த ஆறு பேர் அறைக்குப் போக வேண்டியதுதான். எனக்குப் போக இஷ்டமில்லை. கொஞ்சம் கூட இல்லை.

ஜூனில் கேட்டேன், அடுத்த கப்பல் என்றார். ஜூலையில் கேட்டேன், அதற்கடுத்த கப்பல் என்றார். ஜூலைக் கடைசியில் உண்மை வந்தது.

"மேடம், சரக்கு ஃபேக்டரியை விட்டே கிளம்பல மேடம். சீன பேட்டரிக்கு அமெரிக்கா வரியை ஏத்தப் போறாங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி இறக்கிடணும்னு அங்க உள்ளவங்க அள்ளிட்டு இருக்காங்க. ஒவ்வொருத்தரும் லட்சக்கணக்குல கேக்குறாங்க. உங்களுது அறுபத்து நாலு மேடம்."

"எங்களுதும் ஆர்டர்தான சார்?"

"ஆர்டர்தான் மேடம். வரிசையில இருக்கு."

வரிசை எனக்குத் தெரியாதா? சீசனில் குற்றாலத்தில் பெண்கள் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். அந்த வரிசை நகரவாவது செய்யும். வரி அமலுக்கு வரும் தேதியும் இரண்டு முறை தள்ளிப்போனது. தள்ளிப்போகப்போக அள்ளுகிறவர்கள் இன்னும் அள்ளினார்கள். நம் நாட்டிலும் செல்லுக்கு இறக்குமதி வரி உண்டு, இங்கேயே செய்யட்டும் என்பதற்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கே போதிய ஆலைகள் எழும்பும் வரைக்கும் கத்தரிக்காய் காத்திருக்காதே. யாரோ இரண்டு பெரிய ஆட்கள் முறைத்துக்கொண்டால் நடுவில் போகிற நம் காலில்தான் மிதி விழுகிறது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

நான்காம் நாள் ஐந்தருவிக்குப் போனேன், குளிக்க இல்லை. பீர் மைதீன் பாயைப் பார்க்க. பாய் தென்காசிக்காரர். சீசனுக்கு ஆள் ஏற்றுகிற பேட்டரி ஆட்டோக்கள் பத்துப் பன்னிரண்டு வைத்திருக்கிறார். போன வருஷம் ஐந்து ஆட்டோவுக்குப் பேட்டரி மாற்றினார். கழற்றிய பழைய பேட்டரிகள் அவர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடப்பது எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் சாரலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"அதையா கேக்குத?" என்றார். "நாலு பேரை ஏத்துனா குத்தாலம் வரைக்கும் போவும். அங்கன இருந்து ஐந்தருவி மேடு ஏறச் சொன்னா நின்னுக்கிடும். எடைக்குப் போடலாம்னா, தீப்பிடிச்சிரும்னு எடைக்காரன் பயப்படுதான். வீட்டுல அவ வேற தினமும் ஏசுதா. தூக்கிட்டுப் போ தாயி, ஒனக்குப் புண்ணியம்."

ஐந்து பேட்டரி, எண்பது செல். ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும் முதல் வேலையாகக் குற்றாலீஸ்வரன் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். பழசைப் புதுசு என்று கொடுக்கிற புத்தி எனக்கு வராது.

"பழைய செல்லு அண்ணாச்சி. ஆட்டோவை இழுக்கத் தெம்பு இல்ல. ஒரே இடத்துல இருந்து வேலை பாக்கத் தெம்பு இருக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ரிட்டயர் ஆனவன்னு சொல்லுத."

"ஆமா அண்ணாச்சி."

"கட்டு. ஆனா ஜெனரேட்டருக்கும் சொல்லி வைக்குதேன். அத்தம் மாறாது."

எண்பது செல்லையும் ஒவ்வொன்றாக முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தேன். புதுசில் நூறு தாங்கும் செல் அது. அளந்த எண்ணை அதன் தலையிலேயே மார்க்கரால் எழுதினேன். சிலது எண்பதுக்கு மேல் தாங்கியது. சிலது நாற்பதைத் தொட மூச்சு வாங்கியது. பதினாறு செல் எதற்கும் ஆகாது, தள்ளி வைத்தேன். மிச்சம் சரியாக அறுபத்து நான்கு. அன்றைக்கு நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் பயந்துவிட்டார்.

நான்கு நான்காகச் சேர்த்துப் பதினாறு கட்டு. பதினாறு கட்டும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு பேட்டரி. என் அப்பா இதே சந்தையில் தக்காளி வியாபாரம் பார்த்தவர். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று பிரித்துப் பிரித்து வளர்ந்த கை என்னுடையது. எண்பதுகளை எண்பதுகளோடு கட்டினேன். அறுபதுகளை அறுபதுகளோடு கட்டினேன். நாற்பதுகள் கடைசி நான்கு கட்டு. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. படம் எடுத்து வெளியூரில் இருக்கிற என் அண்ணனுக்கு அனுப்பினேன்.

அத்தத்துக்கு நான்கு நாள் இருந்தபோது அறையில் பூட்டினோம். பத்துப் பெட்டி வெண்டைக்காயை உள்ளே வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் பேட்டரியில் ஓட விட்டேன். காலை ஆறு வரை ஓட வேண்டும். என் கணக்குப்படி ஓடும்.

காலையில் நான் போனபோது அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். அறையின் வெப்பமானி பதினெட்டு காட்டியது. எட்டு இருக்க வேண்டும். பெட்டிகளில் வெண்டைக்காய் வியர்த்திருந்தது. போர்டில் பதிவைப் பார்த்தேன். ராத்திரி ஒரு மணிக்கே பேட்டரி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது.

"நாளை மறுநாள் காலையில ஜெனரேட்டர் வருது," என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அங்கிருந்து நேராகச் சந்தைக்குள் முப்பிடாதியின் கொட்டகைக்குப் போனேன். முப்பிடாதி என்னோடு ஒன்பதாவது வரை படித்தவள். கேரளாவுக்குச் சாம்பார் கிட் போடுகிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் சாம்பாருக்கு ஆகிற காயெல்லாம், கத்தரி, முருங்கை, வெண்டை, பூசணி, ஒரு தக்காளி என்று கலந்து ஒரே பையில் கட்டினால் அது சாம்பார் கிட். பை ஒரு கிலோ. ஓணம் நெருங்கினால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பை போகும். நான் அவளைப் பார்க்கப் போனதற்கு ஒரு காரணமும் இல்லை. யாரிடமாவது புலம்ப வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தச் செல்லு எல்லாம் குப்பைட்டி," என்றேன். "மைதீன் பாய் தலையில கட்டிட்டாரு."

"நீயா போயித்தானே தூக்கிட்டு வந்த?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். சும்மா பேசிட்டு நிக்காத, பையைக் கட்டு."

உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தேன். வாய் ஒரு பக்கம் அமெரிக்காவைத் திட்டிக்கொண்டிருந்தது. கை ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். முப்பிடாதி என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏட்டி, என்ன காரியம் செய்யுத? பளபளன்னு இருக்கதை எல்லாம் ஒரு பையில போட்டா, நோஞ்சான் எல்லாம் அடுத்த பையிலல்லா சேருது. அந்தப் பை யாரு வீட்டுக்குப் போவுதோ அவ கடைக்காரன ஏசுவா. அவன் மொத்த லோடையும் திருப்பி விட்டுருவான். போன வருஷம் பதினஞ்சு பைக்காக எண்ணூறு பை புனலூர்ல இருந்து திரும்பி வந்துச்சு."

"பின்ன எப்படிப் போட?"

"எல்லாப் பையிலயும் நல்லது ஒண்ணு, சுமார் ரெண்டு, நோஞ்சான் ஒண்ணு. கூட்டுனா எல்லாம் ஒரே எடை. இது கூடவா தெரியாது? சந்தைக்காரன் மவதான நீ?"

கையில் இருந்த கத்தரிக்காயை மெதுவாகக் கீழே வைத்தேன்.

இது எனக்குத் தெரியாத பாடமே இல்லை. பாலிடெக்னிக்கில் முதல் வருஷமே நடத்தியது. பதினாறு கட்டு வழியாகவும் மின்சாரம் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். அதில் ஒரே ஒரு கட்டு காலியானாலும் போர்டு மொத்தப் பேட்டரியையும் நிறுத்திவிடும். கம்பெனியில் எட்டு வருஷமும் என் கைக்கு வந்ததெல்லாம் ஒரே அச்சில் வார்த்த புதுச் செல்கள். எதை எதோடு சேர்ப்பது என்று யோசிக்கிற தேவையே வந்ததில்லை. பழசு கைக்கு வந்ததும் படிப்பு ஒதுங்கிக்கொண்டது. ரகம் பிரிக்கிற பழைய பழக்கம் முன்னால் வந்து நின்றுகொண்டது. நோஞ்சான் எல்லாவற்றையும் கடைசி நான்கு கட்டில் சேர்த்து வைத்தவள் நான்தான். அவை ஒரு மணிக்கே காலியாகிவிட்டன. முதல் ரகக் கட்டுகள் பாதி வயிறோடு சும்மா உட்கார்ந்திருக்கின்றன. மைதீன் பாய் மேல் ஒரு தப்பும் இல்லை. அமெரிக்காக்காரன் மேல் கூட இந்த விஷயத்தில் இல்லை.

"முப்பிடாதி, லோடு எப்போ கிளம்பும்?"

"பன்னெண்டு மணிக்கு. ஏன்?"

"கிளம்புனதும் என் கூட வா. ஒனக்கு ஒரு கிட்டு போடுத வேலை இருக்கு."

வந்தாள். பேட்டரியைப் பிரித்து அறுபத்து நான்கு செல்லையும் குடோன் தரையில் பரப்பினேன். நான்கு எண்ணைக் கூட்டினால் இருநூற்று அறுபது வர வேண்டும், ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், அப்படிப் பதினாறு கூட்டம் வேண்டும் என்றேன். சொல்லிவிட்டுக் கணக்குப் போட லேப்டாப்பைத் திறந்தேன். அது விழித்துக்கொண்டு, பாஸ்வேர்ட் கேட்டு, நான் எண்களையெல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் முப்பிடாதி ஒன்பது கூட்டம் வைத்துவிட்டாள். எண்பத்து நான்கு, எழுபத்தொன்று, அறுபத்திரண்டு, நாற்பத்து மூன்று. சரிபார்த்தேன், இருநூற்று அறுபது. அடுத்ததும் அப்படியே. தராசைப் பார்க்காமலே ஒரு கிலோ எடுத்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தேன்.

"இவ்வளவு கனமா ஒரு கத்தரிக்காயை நான் பாத்ததில்லட்டி," என்றாள் கடைசிச் செல்லை வைத்துவிட்டு.

மறுநாள் கட்டி முடித்துச் சார்ஜ் ஏற்றினோம். அறையில் புதுசாகப் பறித்த வெண்டைக்காயை வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் பேட்டரியில் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தூங்கினேன் என்று சொன்னால் பொய். விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் முப்பிடாதி தானாகவே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

அறை வாசலில் ஜெனரேட்டர் ஏற்றிய லாரி நின்றது. டிரைவர் இறங்கி, எங்கே இறக்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவருக்குப் பதில் சொல்லாமல் வெப்பமானி முன்னால் நின்றிருந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எட்டு. போர்டைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஓடி முடித்தும் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அண்ணாச்சி கதவைத் திறந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். மடக்கென்று ஒடிந்தது. மென்றுகொண்டே டிரைவரிடம் திரும்பினார்.

"இறக்க வேண்டாம் தம்பி. ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு. நான் ஓனர்ட்ட பேசிக்கிடுதேன்."

"அண்ணாச்சி," என்றேன், "இது மூணு வருஷம் நிக்கும். அதுக்கு மேல நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. பிறவு புதுசுதான் போடணும்."

"மூணு வருஷம் நிக்கட்டும். அதுக்குள்ள எவன் எவனுக்கு வரி போடுதானோ, எவன் எடுக்குதானோ." விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அடுத்து வடகரை ரூமுக்கு எப்ப வருத?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது பேரை முறைத்துக்கொண்டு திரிந்தவள், ஒரு ஹவில்தார் முன்னால், ஒரு லாரி டிரைவர் முன்னால் நின்று அழுதேன். வெட்கமாக இல்லை. ஊரில் இருக்கப் போகிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் தலையில் இல்லை. முப்பிடாதிதான் எனக்குப் பதிலாகப் பேசினாள்.

"ஓணம் முடியட்டும் அண்ணாச்சி. இப்ப எங்களுக்குக் கிட்டு போடணும்."

எங்களுக்கு என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை அவ்வளவு சாதாரணமாக வந்தது. அன்றிலிருந்து அத்தம், சித்திரை, சோதி என்று ஓணத்துக்கு முந்தின நாள் உத்திராடம் வரைக்கும் அவள் கொட்டகையில் பை கட்டினேன். அண்ணாச்சியின் ஆட்கள் நாலு நாள் காயைப் பிடித்து வைத்து, விலை ஏறிய பிறகு செங்கோட்டை வழியாக லாரி லாரியாக அனுப்பினார்கள். மைதீன் பாய் தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர்களிடம் எல்லாம் சொல்லி, புளியரையில் இருந்துகூடப் பழைய பேட்டரி வந்து இறங்கியது.

உத்திராடத்தன்று காலையில் சென்னையில் இருந்து போன் வந்தது. கையெல்லாம் முருங்கைக்காய்ப் பிசின். முப்பிடாதிதான் எடுத்து என் காதில் வைத்தாள்.

"மேடம், குட் நியூஸ் மேடம். அமெரிக்காவுல வரி ஏறிடுச்சு. அங்க போற ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு. செல்லு ஃபேக்டரில மலை மாதிரி கிடக்கு, விலையும் இறங்கிடுச்சு. எவ்வளவு வேணும் சொல்லுங்க, இன்னைக்கே அனுப்பிடுறேன்."

எனக்குப் புதுச் செல்லும் வேண்டும். பழசு ஐந்து அறைக்கும் போதாது, எப்போதும் கிடைக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு அறைக்கு ஆகிற அளவு சொன்னேன்.

"அனுப்புங்க சார். ஆனா அவசரம் இல்ல, வரும்போது வரட்டும்."

"அவசரம் இல்லையா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இந்த மூன்று மாதத்தில் அவசரமில்லை என்று அவரிடம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.